துளசியை ஸ்பிரிட்டில் ஊறவைத்த குடியாத்தம் வாசகிக்கு

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 58. எங்கள் வீட்டுக் கொல்லையில் துளசியும் ஆடாதொடையும் செழிப்பாக இருக்கின்றன. நிலவேம்பு நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். மூலிகையை ஆல்கஹாலில் ஊறவைத்து டிஞ்சராகச் செய்து வைத்துக்கொண்டால் பல வருடம் கெடாது, தினமும் சில சொட்டு போதும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதன்படி மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கி, பச்சைத் துளசி இலையைப் போட்டு வைத்தேன். பத்து நாளில் கரும்பச்சையாக இறங்கியிருக்கிறது. இன்னும் எத்தனை நாள் ஊற வேண்டும்? ஸ்பிரிட் கூடாது, வோட்காதான் ஊற்ற வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், அது சரியா? என் கணவருக்கு (64) சர்க்கரை உண்டு. ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும், இரவில் இருமும் என் ஐந்து வயதுப் பேரனுக்கும் இந்த டிஞ்சரைக் கொடுக்கலாமா? எங்கள் மகளிர் குழுவில் இதைச் செய்து விற்கலாம் என்ற பேச்சும் இருக்கிறது. தங்கள் ஆலோசனை வேண்டும்.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, எத்தனை நாள் ஊற வேண்டும் என்ற கேள்விக்குப் போவதற்கு முன், இப்போது ஊறிக்கொண்டிருக்கும் பாட்டிலைப் பற்றிப் பேசிவிடுவோம். அதிலிருந்து ஒரு சொட்டுகூட யார் வாயிலும் படக் கூடாது. காயம் துடைக்கவும் ஊசி போடும் இடத்தைச் சுத்தம் செய்யவும் மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட், குடிக்க உதவாதபடி வேண்டுமென்றே நச்சு சேர்க்கப்பட்டதாக இருக்கும்; அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற வேறொரு பொருளாக இருக்கும். அப்படிச் சேர்க்கப்படும் நச்சுகளில் முக்கியமானது மெத்தனால். குடிக்கும் மதுவிலுள்ள எத்தனாலும் இந்த மெத்தனாலும் பார்வைக்கும் வாசனைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். உடலுக்குள் போன பிறகுதான் வேறுபாடு தெரியும். கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிப்பதோடு, அளவு மீறினால் உயிரையும் எடுத்துவிடுகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததும், அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் மெத்தனாலால்தான். துளசியைப் போட்டதால் அந்த ஸ்பிரிட் மருந்தாகிவிடவில்லை. காய்ச்சினாலும், வெயிலில் வைத்தாலும், தேன் கலந்தாலும் அதன் நச்சு போகாது.

வீட்டில் யாராவது ருசி பார்த்திருந்தால், இப்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம். மெத்தனாலின் தீங்கு வெளியே தெரியப் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கண் முன்னால் வெள்ளைத் திரை விழுந்ததுபோன்ற மங்கல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவை தெரியும்வரை பொறுக்காமல் 108ஐ அழைத்து, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி. மருத்துவமனைக்கோ போய், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நேரத்தோடு போனால் இதற்குச் சிகிச்சை உண்டு. யாரும் தொடவில்லை என்றால், அடுப்போ விளக்கோ அருகில் இல்லாத திறந்த வெளியில் நிறையத் தண்ணீர் கலந்து அதை ஊற்றிவிட்டு, பாட்டிலையும் எறிந்துவிடுங்கள். வலிக்குத் தேய்க்கவாவது வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். துளசி இலை மிதக்கும் பாட்டிலைப் பார்க்கும் எவரும் அதைக் குடிக்கும் மருந்து என்றுதான் நினைப்பார்கள். சிறு பிள்ளை நடமாடும் வீட்டில் அது வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூலிகையிலிருந்து சத்தை இறக்க ஏதாவது ஒரு திரவம் வேண்டும். எந்தத் திரவம் என்பதை அந்த மூலிகையில் என்ன சத்து இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. துவர்ப்புச் சத்து தண்ணீரிலேயே நன்றாக இறங்கிவிடும். குரோம் உப்பு வருவதற்கு முன் நம் வட ஆற்காட்டுத் தோல் தொழிலில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தச் செந்நிறத் தண்ணீர் நினைவிருக்கும். வெந்தயத்திலும் சோற்றுக் கற்றாழையிலும் உள்ள கொழகொழப்பும் தண்ணீரில்தான் இறங்கும். அதில் ஆல்கஹாலை ஊற்றினால் வெள்ளை நூலாகத் திரிந்து பிரிந்துவிடும். மாறாக, மஞ்சளிலுள்ள மஞ்சள் நிறச் சத்தும் குங்கிலியம் போன்ற பிசின்களும் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். எண்ணெயோ நெய்யோ ஆல்கஹாலோ இருந்தால்தான் அவை வெளியே வரும். ஆகவே ஆல்கஹால் எல்லா மூலிகைக்கும் மேலானது என்று யாராவது சொன்னால், எந்த மூலிகையின் எந்தச் சத்துக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்களிடம் இருக்கும் மூன்றில், ஆடாதொடையின் முக்கியச் சத்தான வாசிசின் தண்ணீரிலும் இறங்கும், ஆல்கஹாலிலும் இறங்கும். அதற்காக மதுவைத் தேட வேண்டியதில்லை. துளசியின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயிலிருந்து வருவது; திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும், குடிநீரில், அதாவது கஷாயத்தில், மிஞ்சுவது குறைவு. அதை ஆல்கஹால் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கொதித்த தண்ணீரை இலைமேல் ஊற்றித் தட்டுப் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்தாலும் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். நிலவேம்பில்தான் ஆல்கஹாலுக்கு உண்மையான சாதகம் உண்டு. அதன் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைட் தண்ணீரில் மிகக் குறைவாகக் கரையும். ஆல்கஹாலில் அதைவிட நன்றாகக் கரையும். காணொளிக்காரர் இதைச் சொல்லியிருந்தால் அந்த மட்டில் அவர் சொன்னது சரி.

அவர் கணக்கு இடறும் இடம் ‘சில சொட்டு போதும்’ என்பதில்தான். வீட்டில் செய்யும் டிஞ்சருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விகிதம் ஒன்றுக்கு ஐந்து. அதாவது 50 கிராம் உலர்ந்த மூலிகைக்கு 250 மி.லி. திரவம். இதன்படி ஒரு கிராம் மூலிகையின் சத்து 5 மி.லி. டிஞ்சரில் இருக்கிறது. இருபது சொட்டு என்பது அதிகம் போனால் ஒரு மி.லி.; ஆல்கஹால் கலந்த திரவத்தின் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது என்பதால் பெரும்பாலும் அதற்கும் குறைவு. ஆகவே இருபது சொட்டு நிலவேம்பு டிஞ்சர் குடித்தவர் ஐந்தில் ஒரு பங்கு கிராம் மூலிகையின் சத்தைக்கூட முழுதாகப் பெறவில்லை. நாங்கள் நிலவேம்புக் குடிநீருக்கு ஒரு வேளைக்கு 5 கிராம் சூரணமாவது போடச் சொல்கிறோம். அதே 5 கிராமை டிஞ்சராகக் குடிக்க வேண்டுமானால் 25 மி.லி. குடிக்க வேண்டும், அது ஏறக்குறைய ஒரு சிறிய பெக் மது. சத்து இரண்டு மடங்கு நன்றாக இறங்குகிறது என்றே வைத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடாது. சொட்டாகக் குடித்தால் போதாது, போதுமான அளவு குடித்தால் மருந்தோடு மதுவும் காலை மாலை உள்ளே போகும் என்ற நிலைதான் மிஞ்சும்.

டிஞ்சர் என்ற மருந்து வடிவமே பயனற்றது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மேல்நாட்டு மருந்து நூல்களில் அது இடம்பிடித்தது பெரும்பாலும் அபின், பெல்லடோனா, டிஜிடாலிஸ் போன்ற, சிறிய அளவிலேயே உடலை உலுக்கக்கூடிய பொருள்களுக்காக. அவற்றுக்குச் சொட்டுக் கணக்கு பொருந்தியது. ஒவ்வொரு தொகுதியிலும் சத்து எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்த பிறகே அவை வெளியே வந்தன. சொட்டில் வேலை செய்யும் மூலிகை எதுவோ அதை வீட்டில் டிஞ்சராக்குவது ஆபத்து. வீட்டில் ஆபத்தில்லாமல் டிஞ்சராக்கக்கூடிய துளசி, இஞ்சி போன்றவை சொட்டில் பெரிதாக வேலை செய்வதில்லை. வீட்டு டிஞ்சரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வதன் சாரம் இதுதான்.

வோட்கா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது ஸ்பிரிட்டோடு ஒப்பிடும்போது சரி. குடிப்பதற்கென்று உரிமத்தோடு விற்கும் மதுவைத் தவிர வேறு எதையும் உள்மருந்துக்குப் பயன்படுத்தவே கூடாது. மலையடிவாரத்துச் சாராயம், அதிக வீரியமுள்ளது என்று யாரோ கொடுத்த ‘ரெக்டிஃபைடு ஸ்பிரிட்’ இரண்டையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பாட்டிலின் உண்மையான மூலம் தெரியாத எதுவும் மெத்தனாலாக இருக்கலாம். தவிர, அவற்றை வைத்திருப்பதே மதுவிலக்குச் சட்டப்படி வழக்காகும்.

கடை வோட்காவின் லேபிளில் ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். உலர்ந்த இலைக்கு அது போதும். பச்சை இலை என்றால் கதை வேறு. 100 கிராம் பச்சைத் துளசியில் ஏறக்குறைய 80 மி.லி. தண்ணீர் இருக்கிறது. பாட்டில் நிறைய இலையை அமுக்கி, அது மூழ்கும் அளவுக்கு 100 மி.லி. வோட்கா ஊற்றினால், இலையின் தண்ணீரும் சேர்ந்து கலவையின் ஆல்கஹால் 24 சதவீதத்துக்கு வந்துவிடும். இலை இன்னும் கூடி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கிருமி வளரத் தடையில்லை. அதிலும் மேலே மிதக்கும் இலைகள் திரவத்துக்கு வெளியே காற்றில் நிற்கும். சில நாளில் பாட்டிலின் கழுத்தருகே பஞ்சுபோல் வெள்ளையாகப் படரத் தொடங்கும். அதை எடுத்தெறிந்துவிட்டு மீதியை வடிகட்டிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சை கண்ட பாட்டில் முழுவதும் வீண்தான்.

இத்தனையும் கேட்ட பிறகும், மது அருந்துவதில் உடலாலும் மனத்தாலும் தடை இல்லாத ஒரு பெரியவர் துளசி டிஞ்சரோ இஞ்சி டிஞ்சரோ செய்து பார்க்க விரும்பினால் முறை எளிதுதான். இலையைக் கழுவி, நிழலில் சருகாக உலர்த்தி, மாவாக்காமல் ஒன்றிரண்டாக இடித்து, நிறுத்து எடுக்க வேண்டும். நன்கு கழுவி ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஐந்து பங்கு வோட்கா ஊற்றி, இறுக மூடி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். மருந்து நூல்கள் ஏழு நாள் போதும் என்கின்றன. இரண்டு வாரத்துக்குமேல் வைப்பதால் பெரிதாகக் கூடுவது ஒன்றும் இல்லை. நாள் கூடக் கூட வீரியம் ஏறும் என்பது ஊறுகாய்க்குச் சொல்வது. பிறகு வெள்ளைத் துணியில் வடித்து, சக்கையைப் பிழிந்து, ஒரு நாள் அசையாமல் வைத்து வண்டல் இறங்கியபின் தெளிவை மட்டும் பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, மூலிகையின் பெயர், விகிதம், தேதி மூன்றையும் ஒட்டிவைக்க வேண்டும். வேலூர் வெயில் வீணாகப் போகிறதே என்று மொட்டை மாடியில் வைக்க வேண்டாம். இங்கே மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் வெயிலில் பாட்டிலுக்குள் ஆவி சேர்ந்து மூடி தெறிக்கலாம். சீக்கிரம் இறங்கட்டும் என்று கேஸ் அடுப்பில் சூடாக்குவது நெருப்போடு விளையாடுவதாகும்.

உங்கள் கணவருக்கு டிஞ்சர் வேண்டாம். அவர் சாப்பிடும் மாத்திரைகள் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை; ஸ்டென்ட் அடைபடாமல் இருப்பது அவற்றால்தான். நிலவேம்பின் சத்துக்கும் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் இயல்பு இருப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இஞ்சி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றைச் சமையலில் சேர்ப்பதைத் தாண்டி மருந்தளவில் செறிவாக எடுத்தாலும் இதே கவலை உண்டு. நிலவேம்பும் துளசியும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கவும் கூடும். மாத்திரையோடு இவை சேரும்போது ஒரு நாள் இல்லாவிட்டாலும் ஒரு நாள் தலைசுற்றலோ ஈறில் இரத்தக் கசிவோ வரலாம். சளிக்கு நல்லது என்று அதிமதுரத்தை அவருக்குத் தொடர்ந்து கொடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். அது உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். இதய நோயாளிக்கு இது ஆகாது. ரசத்தில் போடும் மிளகும் இஞ்சித் துண்டும் பற்றி நான் பேசவில்லை. அவற்றைப் பயப்படாமல் சாப்பிடலாம். எந்த மூலிகை மருந்தாக இருந்தாலும் அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். ‘சித்த மருந்து சாப்பிடுகிறேன் என்றால் திட்டுவார்கள்’ என்று மறைப்பதுதான் நான் பார்ப்பதிலேயே பெரிய சிக்கல்.

பேரனுக்கு ஆல்கஹால் கலந்த எதுவும், அது சொட்டாக இருந்தாலும், கூடவே கூடாது. அதைவிட முக்கியமாக, இரவில் மட்டும் இருமும் குழந்தைக்கு முதலில் மருந்தைத் தேடாமல் காரணத்தைத் தேட வேண்டும். வீசிங் இருக்கலாம்; மூக்கிலிருந்து சளி தொண்டைக்குள் வடியலாம்; படுக்கைத் தூசியோ கொசுவர்த்திப் புகையோ காரணமாகலாம். இருமும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுபடுகிறதா, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா என்று சட்டையைக் கழற்றிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாத சாதாரண இருமல் என்றால், கற்பூரவள்ளி இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்த சாறு அரை ஸ்பூனோடு அதே அளவு தேன் கலந்து படுக்கும் முன் கொடுக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதை மட்டும் உங்கள் குழுவிலுள்ள மற்றப் பாட்டிகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கொல்லையில் ஆடாதொடை இருந்தும் பயனில்லையா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சித்த மருத்துவத்தில் மணப்பாகு என்ற வடிவம் இருக்கிறது. ஆடாதொடைச் சாற்றையோ குடிநீரையோ சர்க்கரை சேர்த்துப் பாகு பதத்தில் காய்ச்சி எடுப்பது அது. பதம் சரியாக இருந்தால் ஆறு மாதம் நிற்கும். அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவிலேயே இது கிடைக்கும். குழந்தையைக் காட்டி, எடைக்கு ஏற்ற அளவை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். கர்ப்பிணிகளுக்கு ஆடாதொடை தரக் கூடாது; கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பு அதற்கு உண்டு. நிலவேம்புக்கு வடிவம் குடிநீர்தான். டெங்கு நாட்களில் அரசு மருத்துவமனைகளில் வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு ஒன்பது சரக்குகளில் ஒன்று. சுக்கும் மிளகும் வெட்டிவேரும் கோரைக்கிழங்கும் சந்தனமும் அதில் உண்டு. 5 கிராம் சூரணத்தை 200 மி.லி. தண்ணீரில் போட்டு 50 மி.லி.யாக வற்றவைத்து வடித்து, ஒரு சாமத்துக்குள், அதாவது மூன்று மணி நேரத்துக்குள், குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலைவரை ஃபிளாஸ்க்கில் வைத்திருப்பது நம் ஊரில் பரவலாக நடக்கிற தவறு.

நீண்ட நாள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்று புரிகிறது. அதற்கு நம் முறையிலேயே இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று இஞ்சித் தேனூறல். இஞ்சியைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாக அரிந்து, மேல் ஈரம் போகும்வரை நிழலில் உலர்த்தி, முழுவதும் மூழ்கும்படி தேன் ஊற்றி ஒரு மண்டலம் வைத்தால் ஓராண்டு நிற்கும். ஈரம் போகாத இஞ்சியைப் போட்டால் தேன் இளகி நுரைத்துப் புளித்துவிடும். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று வந்தால் அதைச் சாப்பிடக் கூடாது. ஜவ்வாது மலைத் தேன் என்று சொல்லி விற்பதெல்லாம் மலைத் தேன் ஆகிவிடாது. தெரிந்த இடத்தில் வாங்குங்கள். உங்கள் கணவருக்கு இது வேண்டாம், தேனும் சர்க்கரைதான்.

மற்றொன்று வெளியே பூசுவதற்கான வெட்பாலைத் தைலம். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. வெட்பாலை இலையைக் கிள்ளினால் பால் வடியும். இரும்புக் கத்தி படாமல் கையால் கிள்ளி, கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும்வரை தேங்காய் எண்ணெய் ஊற்றி, மேலே மெல்லிய துணி கட்டி வெயிலில் வைக்க வேண்டும். முதல் நாள் எண்ணெயில் மாற்றமே தெரியாது; அடுத்தடுத்த நாட்களில் இலையின் ஓரத்திலிருந்து ஊதா நிறம் புகைபோல் இறங்கத் தொடங்கி, ஒரு வாரத்தில் எண்ணெய் முழுவதும் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். அடுப்பே இல்லாமல் வெயிலால் ஆவதால் இதைச் சூரியபுடம் என்கிறோம். பொடுகுக்கும், காளாஞ்சகப்படை என்கிற சோரியாசிசுக்கும் பூசலாம்; நோய் எது என்று மருத்துவரிடம் காட்டி உறுதி செய்தபின்தான்.

இலை பறிப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. கொல்லையில் நீங்களே நட்ட துளசி வேறு. அமிர்திப் பக்கமோ ஏலகிரியோ போனபோது மூலிகை என்று யாரோ காட்டியதைப் பறித்துவருவது வேறு. நம் காடுகளில் ஒடுவன்தழை போன்ற கொடிய நச்சு இலைகள் பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லாமல் சாதாரணப் பச்சை இலையாகவே நிற்கின்றன. அதன் நச்சுத்தன்மை பற்றி வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். உலர்ந்து ஒடிந்து தூளாகிவிட்டால் எந்த இலை எது என்று எங்களுக்கே நுண்ணோக்கி தேவைப்படும். ஆகவே நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போதும் தூளாக வாங்காமல், தண்டும் இலையும் காயும் அடையாளம் தெரியும்படி முழுச் சரக்காக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள்.

விற்பது பற்றி: நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கும் எந்தச் சித்த மருந்துக்கும் 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டப்படி உற்பத்தி உரிமம் வேண்டும். வைத்தியர் தம் நோயாளிக்குத் தாமே செய்து கொடுப்பதற்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மகளிர் குழுவுக்கு அது பொருந்தாது. ஆல்கஹால் கலந்ததை விற்றால் மதுவிலக்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். குழுவுக்கு வருமானம் வேண்டும் என்றால் கோடைக்கு நன்னாரி சர்பத் செய்யுங்கள். குடியாத்தத்தில் பங்குனி முதலே விற்கும். மலையிலிருந்து வரும் மாகாளிக் கிழங்கும் ஏறக்குறைய அதே மணம் கொண்டது. நன்னாரி என்ற பெயரில் அதையும் விற்பார்கள். நன்னாரி வேர் மெல்லியதாக, கம்பிபோல் இருக்கும். மாகாளி விரல் தடிமனில் சதைப்பற்றோடு இருக்கும். சர்பத்தும் இஞ்சித் தேனூறலும் உணவுப் பொருளாக விற்பனைக்குப் போகும்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு செய்து, அந்த எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்கட்டும். ‘இருமல் தீரும்’, ‘சர்க்கரை குறையும்’ என்று ஒரு வரி சேர்த்தாலும் அது மருந்துக் கணக்கில் போய்விடும் என்பதை அச்சகத்தில் கொடுப்பதற்கு முன்பே குழுவில் பேசி முடித்துவிடுங்கள்.